தென்னேரிக் கரையில் ஒரு காந்த முள்

சைக்கிளைப் புளியமரத்தடியிலேயே நிறுத்திவிட்டு, சாவிக்கொத்து, கைக்கடிகாரம், இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி முனிசாமியின் துண்டில் போடுகிறார் சாமுவேல். பெல்ட் போனதும் கால்சட்டை நழுவுகிறது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வரப்பில் நடந்து, கீற்றுக் கொட்டகைக்குள் குனிந்து நுழைகிறார். காஞ்சிபுரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்தும் மனிதர், விடுமுறை நாளெல்லாம் தென்னேரி ஏரிக்கரையில் இந்தக் கோலத்தில்தான் காட்சி தருவார்.

"ஒரு குண்டூசி இருந்தாக்கூட முள்ளு அது பக்கம் திரும்பிடும்பா," என்பார். நிலத்துக்காரர் முனிசாமிக்கு இது மனப்பாடம். கொட்டகைக்கு இடம் கொடுத்த பாவத்துக்கு, மண்வெட்டியைக்கூட இப்போது தூரத்துக் கிணற்றடியில்தான் வைக்கிறார்.

உள்ளே ஒரு மரப்பெட்டி. அதில் பட்டு இழையில் தொங்கும் காந்த முள், முள்ளின் மேல் நகத்தளவு கண்ணாடி. விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுச் சுவரில் பொட்டாக விழும். தலைக்கு மேல் அறுபது மைலில், அயனி மண்டலத்தில், மின்சாரம் ஓடுகிறது. அது கூடிக் குறைந்தால் இங்கே முள் துளி அசையும், பொட்டு நகரும். அந்த நகர்வை அளந்துதான் சாமுவேல் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். கூலிக்குப் பட்டு முறுக்கித் தன்னைப் படிக்க வைத்த அம்மா கண்ணால் பார்க்கும்படி வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பேச்சில் மனிதரைப் பிடிக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் மாட்டியவருக்குத் தாமல் ஊரைத் தாண்டுவதற்குள் பூமியின் காந்த மண்டலம் முழுக்கத் தெரிந்துவிடும். "பூமிக்கு ஒரு போர்வை இருக்குதுங்க. சூரியன் ஊதினா படபடன்னு அடிச்சிக்கும்," என்று இரண்டு கைகளையும் விரிப்பார். முன் சீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொள்வது நல்லது.

போன ஐப்பசியில் அவர் கால் தரையில் பாவவில்லை. மழை பெய்த நாளெல்லாம் பொட்டு சுவரோரம் வரை ஓடியது. மழைக்கும் அயனி மண்டலத்துக்கும் யாரும் காணாத உறவைக் கண்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னார். ஆனாலும் கட்டுரை எழுதுமுன் ஒரு சோதனை செய்தார். காந்தத்தை எடுத்துவிட்டு, அதே எடையில் ஒரு பித்தளைத் துண்டைத் தொங்கவிட்டார். பித்தளைக்கு வானமும் தெரியாது, காந்தமும் தெரியாது. மழை வந்தது. பித்தளையும் திரும்பியது.

திருப்பியது வானமில்லை, இழை. பட்டைக் கட்டுமுன் எச்சில் தொட்டுத் தொடையில் வைத்து முறுக்கியிருந்தார். பிறந்ததிலிருந்து பார்த்த வேலை, கை தானாகச் செய்துவிட்டது. இந்த ஊரில் முறுக்காத பட்டை யார் எதில் கட்டுகிறார்கள்? ஈரம் பட்டதும் முறுக்கு இளகியது, அதில் தொங்கிய பொருள் சுற்றியது. ஒரு வருஷ உழைப்பு மண்ணாய்ப் போயிற்று.

பாவம், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசினார்.

"எல்லாம் போச்சு," என்றார் மனைவியிடம்.

"இன்னா போச்சு? முள்ளு இருக்குது, பெட்டி இருக்குது, நீங்க இருக்கீங்க. வேற இழை கட்டுங்க. மொதல்ல சாப்பிடுங்க, சோறு ஆறிக்கினு இருக்குது," என்றாள் அன்னம்மாள்.

கட்டினார். பட்டுக்கூட்டிலிருந்து பிரித்த ஒற்றை இழை, ஒரு முறுக்கும் ஏறாமல். பக்கத்திலேயே இன்னொரு பெட்டி வைத்து, அதே மாதிரி இழையில் பித்தளையையும் ஒரு கண்ணாடி ஒட்டித் தொங்கவிட்டார்; மழையில் அது அசையாமல் இருந்தால்தான் முள்ளை நம்பலாம். முள் நடுப்பகலில் கடுகளவு நகர்ந்து திரும்பியது. இம்முறை யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டதால், பெருமழை ஒன்று வந்து போகட்டும் என்று காத்திருந்தார்.

ஆடியில் வந்தது. சூரியனில் பெரிய கொந்தளிப்பு என்று பேப்பரில் போட்டிருந்த வாரம் அது. காலையில் அடைமழை. ஒதுங்க வந்த முனிசாமியும் கொட்டகைக்குள் நின்றார். திடீரென்று முள்ளின் பொட்டு சுவரில் தாவியது. திரும்பி வந்து மறுபடி தாவியது.

"சார்! ஓடுது சார்! ஆடுறது இங்க இருக்குது, நீங்க அங்க இன்னா பாத்துக்கினு இருக்கீங்க?"

சாமுவேல் திரும்பவில்லை. பித்தளையின் பொட்டு விழுந்த இடத்தில் முழங்காலிட்டு, இருந்த இடத்திலேயே இருந்த அந்தச் சின்ன வெளிச்சத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தார்.