சுடாத துப்பாக்கியும் காலர் இல்லாத கோட்டும்

முந்நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன், ஸ்டூவர்ட் வம்சத்தின் கடைசி ராஜாக்கள் இங்கிலாந்தை ஆண்டபோது, அவர்களுடைய காலாட்படைச் சிப்பாய்கள் என்ன உடுத்தினார்கள், எதை வைத்துச் சுட்டார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. சித்தேரி மலையடிவாரத்தில் மரவள்ளி போடும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கே தெரியாது.

அந்தச் சிப்பாய்களின் சிவப்புக் கோட்டுக்குக் காலர் கிடையாது. கை நுனியை அகலமாக மடித்து, உள்துணியின் நிறம் தெரிய விட்டிருப்பார்கள். எந்த ரெஜிமென்ட் என்பதை அந்த நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். அரூரில் கல்யாண பேண்டு செட்டுக்காரர்களுக்குத் தைக்கும் டெய்லரிடம் படத்தைக் காட்டி ஒன்று தைக்கச் சொன்னேன். "காலர் இல்லாம கோட்டுங்களா? எங்க கடையில தெச்சதுன்னு வெளிய சொல்லிடாதீங்க" என்றார். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது நான் அசல் சிப்பாய். தெருவில் இறங்கியதும் எந்த ஊரில் கல்யாணம் என்று விசாரித்தார்கள்.

துப்பாக்கியும் ஒன்று செய்தேன். கட்டையைத் தச்சர் செதுக்கினார். குழலுக்குத் தண்ணீர் பைப். எரிகிற கயிற்றுத் திரியை விசை கொண்டுபோய் மருந்தில் வைத்தால் வெடிக்கிற பழைய வகை அது. மழை வந்தால் திரி நனைந்து மொத்தப் படையும் விழிக்கும். பேயனெட் என்கிற முனைக் கத்தியைக் குழலின் வாய்க்குள் செருகினால் குத்தலாம், சுட முடியாது. இத்தனை கோளாறோடு சண்டைக்குப் போனவன் மேல் எனக்குப் பாசம் வந்ததில் ஆச்சரியமில்லை.

திங்கட்கிழமை சேலத்தில் வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால் டாக்டர். சொதப்பினால் இத்தனை வருடமும் வீண். நாலு பேர் முன்னால் பேச வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையில் அந்தத் துப்பாக்கி இருந்தால் மட்டும் பேச்சு வரும். அதனால் மேடையில் அதைப் பிடித்துக்கொண்டே பேச ஏற்பாடாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை நான் சேலம் போயிருந்தபோது ஊருக்குள் போலீஸ் ஆட்டோ வந்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கோயில் பக்கம் போட்டுவிட்டுப் போகலாம், வழக்கு கிடையாது, இதுதான் கடைசி வாய்ப்பு என்று மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். மலையோரத்து ஊர்களில் இது வழக்கம்தான். பன்றி விரட்ட வைத்திருப்பதை யார் கண்ணிலும் படாமல் போட்டுவிட்டு வருவார்கள். சாயங்காலம் திரும்பியபோது என் துப்பாக்கி வீட்டில் இல்லை.

"நாந்தான் சாமி போட்டுட்டு வந்தேன்" என்றார் அம்மா. "படிச்ச புள்ள மேல கேசு வந்துட்டா என்ன பண்றது?"

மறுநாள் காலை இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். என் துப்பாக்கி ஒரு மூலையில், நிஜத் துப்பாக்கிகளோடு கூச்சமில்லாமல் சாய்ந்திருந்தது.

"எல்லாரும் போட்டுட்டு ஓடறாங்க, நீங்க திருப்பிக் கேட்டு வர்றீங்களே தம்பி" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது துப்பாக்கியே இல்ல சார். தண்ணி பைப். சும்மா பொம்மை." ஆணி வரைக்கும் அசலைப் போலவே செய்தது என்று ஆய்வேட்டில் பக்கம் பக்கமாகப் பீற்றியிருந்தவன்தான் இப்படிக் கெஞ்சினேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பொம்மைன்னு சொல்லாதடா. நெசத் துப்பாக்கிதாங்க சார். பொம்ம செய்யறதுக்கா எம் மவன் ஏழு வருசம் படிச்சான்?"

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை எடுத்து என்னிடம் நீட்டினார். "சுட்டுக் காட்டுங்க, பாத்துடலாம்."

கையில் வந்ததும் நாக்கு அவிழ்ந்தது. மருந்து கொட்டுவது, குண்டு போடுவது, கோலால் இடிப்பது, திரியை ஊதிக் கனல வைப்பது என்று எல்லாவற்றையும் வெறுங்கையால் நடித்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னேன். அம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்தார். இதையெல்லாம் அவருக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. கடைசியில் குறி பார்த்து விசையை இழுத்தேன். சத்தமே இல்லை.

"பாத்தீங்களா சார், சுடாது" என்றேன். அப்படியொரு நிம்மதி.

"அதெப்படிச் சுடும்?" என்றார் அம்மா. "மருந்தும் இல்ல, திரியும் பத்த வெக்கல. சார், ஒரு தீப்பெட்டி குடுங்க, எம் மவன் சுட்டுக் காட்டுவான்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். துப்பாக்கியை வாங்கிக் குழலுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்கம்மா, நீங்களே வெச்சுக்கங்க" என்று அவரிடமே கொடுத்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. என் ஆராய்ச்சியை நம்பி ஒருவர் போலீசோடு வாதாடியதில் அப்படியொரு சந்தோஷம். துப்பாக்கியைக் கேட்டேன். "நீ கீழ போட்டுருவ" என்று தோளில் சாத்திக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரை அம்மா எனக்கு முன்னால் நடந்தார்.