இரவல் கிடைக்காத புத்தகங்கள்

காலை பத்து இருபதுக்குப் பாடசாலை முற்றத்தில் குப்பை ட்ராக்டரைப் பார்த்தேன். விஞ்ஞானம், பொறியியல், வரலாறு, சமயம் என்று வரிசையாக இருந்த தடித்த உசாத்துணை நூல்களைக் கறையான் தின்றுவிட்டதாம், அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நப்தலின் உருண்டை வாசம் வந்தது.

அந்தப் புத்தகங்கள் இருந்த கண்ணாடி அலுமாரியைத் திறந்தால் வரும் அதே வாசம். சண்டை முடிந்த வருடம் நான் பத்தாம் வகுப்பு. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம்களின் பிள்ளைகளான நாங்கள் அலுமாரியைத் துடைக்கலாம், புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகக்கூடிய உள்ளூர்ப் பிள்ளைகள் ஒருவரும் கேட்கவில்லை.

பரீட்சைக்கு விஞ்ஞான நூல் தேவைப்பட்டது. வாப்பாவைப் பாடசாலை அதிபரிடம் கூட்டிப்போனேன்.

"சண்டைதான் முடிஞ்சிட்டே நானா, நீங்க மன்னாருக்குப் போயிருவீங்க. புத்தகத்த யாரு திருப்பித் தாற?" என்றார் அதிபர்.

"இவ பொறந்ததே புத்தளத்துலதானே சேர்."

அதிபர் என்னிடம் திரும்பினார். "ஒங்கட ஊரு எது மகள்?"

"மன்னார்" என்றேன். வீட்டில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

"பாத்தீங்களா?" என்று சிரித்தபடி அலுமாரியைப் பூட்டினார். "கண்ணாடியத் தொடச்சிட்டுப் போங்க."

துடைத்தேன். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நாங்கள் மன்னாருக்குத் திரும்பவில்லை. என் மகள் இப்போது இதே பாடசாலையில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.