கோயிலுக்கும் குப்பத்துக்கும் ஒரே கல்

திருவொற்றியூரில் நான் சமூக அறிவியல் நடத்தும் பள்ளியில் சில வருடங்களாகச் சுற்றுலாவே கிடையாது. கடைசியாக ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனபோது எங்கள் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள் என்று யாரோ பள்ளிக்குப் போன் செய்து புகார் சொல்லிவிட்டார்கள். சத்தம் போட்டது உண்மைதான். அத்தனை பெரிய திமிங்கல எலும்பைப் பார்த்துவிட்டு மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டா நிற்கும்? எங்கள் தலைமையாசிரியை அதோடு சுற்றுலாவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

இந்த வருடம் ஏழாம் வகுப்பில் பல்லவர் பாடம் வந்ததும் நான் அவருடைய அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். கடற்கரைக் கோயிலைப் புத்தகத்தில் தபால்தலை அளவுக்குப் பார்த்தால் போதுமா என்று கேட்டேன். தீப்பெட்டி அளவுக்கு இருக்கிறதே என்றார். நான் நகரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அடையாறிலிருந்து தினமும் காரில் வருகிறவர். பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலையெல்லாம். கடைசியில் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஒரே ஒரு புகார் வந்தாலும் இதுதான் கடைசிச் சுற்றுலா. அதற்குப் பிறகு நான் கேட்கவே கூடாது. கூடவே, சாப்பாட்டில் மீன் கூடாது என்றும் சொன்னார். முதல் நிபந்தனையை வகுப்பில் மூன்று தடவை சொன்னேன். இரண்டாவதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வகுப்புத் தலைவி. எண்ணூர் போகிற வழியில் கடலை ஒட்டிய ஒரு குப்பத்திலிருந்து வருகிறாள். பின்னால் யாராவது பாட்டுப் பாடக் குரலெடுத்தால் போதும், திரும்பி ஒரு முறை முறைப்பாள். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சுற்றுலா ஒழுங்காக முடிந்தால்தான் அவளுக்குப் பின்னால் வருகிற வகுப்புகளுக்கும் ஊர் பார்க்கக் கிடைக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய தம்பி ஆறாம் வகுப்பு.

மாமல்லபுரத்தில் அவர்கள் நடந்துகொண்டதைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்தது, இதெல்லாம் என் பிள்ளைகள்தானா என்று. ரதங்களுக்கு நடுவில் வரிசையாக நடந்தார்கள். நான் கேள்வி கேட்டால் கையைத் தூக்கிவிட்டுப் பதில் சொன்னார்கள். கடற்கரைக் கோயிலின் சுவரில் சிற்பங்களின் முகம் மழுங்கிப்போயிருப்பதைக் காட்டி, எதனால் என்று கேட்டேன். உப்புக் காற்று என்று வகுப்பே சொன்னது. இதைப் பாடத்தில் யாரும் படிக்கவில்லை. அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத் தின்பதும் அதே காற்றுதான். எனக்கு அங்கேயே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பிறகு வேலிக்கு வெளியே, கடல் பக்கமாக வந்தோம். சாப்பிடுகிற நேரம். கோயிலைக் கடல் அரிக்காமல் இருக்க அங்கே பெரிய பெரிய பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மற்ற பள்ளிப் பிள்ளைகள் மணலில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர் பாட்டில்களை எண்ணிவிட்டுத் திரும்பினால், என் வகுப்பு மொத்தமும் கல்லின் மேல் இருக்கிறது. கூத்தாடவில்லை, ஓடவில்லை. ஒவ்வொரு கல்லையும் கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஆடாத கல்லாகத் தேர்ந்தெடுத்து ஏறி, கடலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார்கள். இறால் தொக்கு வாசனை காற்றில் வந்தது.

காவலாளி அப்போதுதான் விசில் ஊதினார். மேலே ஏறக் கூடாது என்று பலகை இருக்கிறது, விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பிள்ளைகள் சத்தமில்லாமல் இறங்கி நின்றார்கள். அவரோ கோபம் ஆறாமல், தலைமையாசிரியையின் நம்பரைக் கொடுங்கள் என்றார். கொஞ்சம் கெஞ்சியிருந்தால் விட்டிருப்பார். எனக்குக் கெஞ்ச வராது. நம்பரைச் சொன்னேன். சொல்லும்போதே, ஒரு வகுப்பின் ஆசையில் மண் அள்ளிப் போடுகிறோம் என்று தெரிந்தது. வகுப்புத் தலைவி என்னைப் பார்க்கவே இல்லை.

காவலாளி பேசி முடித்துப் போனை என்னிடம் நீட்டினார். ஏன் ஏறினார்கள் என்று மட்டும் கேட்டார் தலைமையாசிரியை. குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. காரணம் எனக்குத் தெரியும், நானும் அந்தக் கரையில் பிறந்தவள். ஆனால் நான் சொன்னால் அது சமாதானமாகப் போய்விடும். அவளே சொல்லட்டும் என்று போனை வகுப்புத் தலைவியின் கையில் கொடுத்து, ஸ்பீக்கரைப் போட்டேன்.

"வணக்கம் அம்மா, நாங்கள்..." என்று புத்தகத் தமிழில் ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு சொன்னாள்:

"எங்க ஊர்லயும் இதே கல்லு தான் மிஸ் கொட்டிக்கீறாங்க. கடலு வூட்டுக்குள்ள பூந்துச்சு, அதுக்கோசரம். நாங்க அதுமேல தான் குந்திகினு சாப்புடுவோம், படிப்போம். இங்க கோயிலுக்குக் கொட்டிக்கீறாங்க, அங்க எங்க வூட்டுக்கு. ஏறக் கூடாதுன்னு எங்களுக்குத் தோணவே இல்ல மிஸ்."

காவலாளி கல்லைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். கீழே உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை போனை வைத்துவிட்டார். எனக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அரசன் கட்டிய கோயிலையும் தன் அப்பா கட்டிய வீட்டையும் ஒரே மூச்சில், கொஞ்சமும் கூசாமல் சேர்த்துச் சொன்ன அந்தப் பிள்ளைக்கு நான் டீச்சர் என்று அந்தக் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். சுற்றுலா முடிந்தது என்று சொல்லப்போகிறார் என நினைத்துக்கொண்டே போனேன். எந்தக் கல் என்று கேட்டார். நீங்கள் தினமும் வருகிற வழி நெடுகக் கார் ஜன்னலில் பார்க்கிறீர்களே, அதே கல்தான் என்றேன். துறைமுகத்துக்காகக் கொட்டியது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். புகார் வந்தது வந்ததுதான், அடுத்த சுற்றுலாவைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார். பிறகு, சனிக்கிழமை அந்த வகுப்பைக் குப்பத்துக் கரைக்கு வரச் சொல்லுங்கள், நானும் வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை அங்கே வகுப்புத் தலைவிதான் எல்லாம் காட்டினாள். வலை காயப்போடும் கல், பரீட்சைக்குப் படிக்கும் கல், அவள் வீட்டுக்கு நேராக இருப்பதால் அவர்களுடையது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கல். முன்பு தெரு எதுவரைக்கும் இருந்தது என்று அலைக்குள்ளே கை நீட்டினாள். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போகும்போது கொஞ்சம் நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பல்லவர் பாடத்தை நான் அவ்வளவு நன்றாக நடத்தியதில்லை.

தலைமையாசிரியை செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறப் பார்த்தார். வகுப்புத் தலைவி தாவிப் போய் மறித்தாள். "அது ஆடுற கல்லு மிஸ். இதுல காலு வைங்க" என்று சொல்லிக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

பிறகு, அடுத்த வருடம் எங்கே போகலாம் என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார். ரோசனை பண்ணிச் சொல்வதாக அவள் பதில் சொன்னாள்.