நாற்பத்தொன்றாம் நம்பர் செக்கர்

நாகல் நகரில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது சிவபிரகாஷின் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஓர் அறை, டீ போட ஒரு சின்ன அடுப்படி, மூன்று கம்ப்யூட்டர், ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். போனில் விளையாடும் விளையாட்டுகளை அங்கே உண்டாக்குகிறார்கள். அந்தப் பலகையில் இன்னாசியம்மாள் தன் கையால் ‘சரி’ என்று எழுதி, கீழே 41 என்று போட்டால்தான் எதுவும் வெளியே போகும். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அங்கே வேலைக்கு வந்ததும் கூட்டிப் பெருக்கி டீ போடத்தான்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் செக்கராக இருந்தார். நூல் சுற்றி வருகிற கோனையெல்லாம் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, முடிச்சு இருந்தால் ஒதுக்க வேண்டும். நல்ல கோனுக்குள் தன் நம்பர் போட்ட சீட்டை வைக்க வேண்டும். அவருடைய நம்பர் நாற்பத்தொன்று. பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறவும் மில்லை விட்டுவிடும்படி டாக்டர் சொல்லிவிட்டார். அந்தோணியாரிடம் மெழுகுவத்தி ஏற்றி வேறு வேலை கேட்டார். இந்த மாடி கிடைத்தது.

ஒரு மத்தியானம் சிவபிரகாஷ், “அக்கா, செத்த நேரம் இதை விளையாடிப் பாருங்க” என்று ஒரு போனைக் கொடுத்தான். ‘லாரி பாரம்’ என்று பெயர். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டிகளைச் சரியாமல் லாரியில் அடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் நாலு குறை சொல்லிவிட்டார். ஒரு பெட்டி டிரைவரின் தலைக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது என்றார். புரோகிராம் எழுதும் ஆனந்த்ராஜ் வாயைப் பிளந்தான். அன்றிலிருந்து அவர்தான் செக்கர்.

பெரிய குறை பிறகுதான் அகப்பட்டது. ஆபீஸில் சோதிக்க வைத்திருந்த போன் எதிலும் சிம் கிடையாது. இன்னாசியம்மாளோ ஒரு நாள் ஜெபம் முடித்துத் தன் சொந்தப் போனில் விளையாடினார். பதினாலாம் லெவலில் கீரனூரிலிருந்து நாத்தனார் அறிவுச்செல்வி கூப்பிட்டாள். பேசி முடித்துப் பார்த்தால் லாரி முதல் லெவலில் காலியாக நிற்கிறது. ஏற்றின பாரமெல்லாம் போச்சு.

‘லாரி பாரம்’ இரண்டு வகையாக இருந்தது. காசு கொடுத்து வாங்கும் அறுபது லெவல் விளையாட்டில் அதைச் சரி பண்ணிவிட்டார்கள். இருபது லெவல் உள்ள இலவச விளையாட்டு அப்படியே கிடந்தது. இரண்டும் வெள்ளிக்கிழமை புதுசாக வெளியாக வேண்டும். புதன்கிழமை காலையில் சிவபிரகாஷ் சாக்பீஸை நீட்டினான்.

“இலவசத்துல சரி பண்ணலையே தம்பி?”

“அது ஆறு மாசத்துக்கு முந்தியே தனியாப் பிரிச்சு வச்சதுக்கா. இப்ப அதுல கை வச்சா மூணு நாளாகும். வெள்ளிக்கிழமைன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

ஆனந்த்ராஜ் சிரித்தான். “தொந்தரவு தாங்காம அவங்களே காசு குடுத்து வாங்குவாங்கக்கா. நல்லதுதான?”

“அப்ப நான் எழுத மாட்டேன்” என்றார் இன்னாசியம்மாள். குரல் உயரவில்லை. விளக்குமாற்றை ஓரமாகச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“மில்லுல எக்ஸ்போர்ட் கோன் தனி, லோக்கல் கோன் தனி. லோக்கலுக்கு முடிச்சு இருந்தா என்னம்மா, விடுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. நானும் விட்டேன். மறு மாசம் சின்னாளப்பட்டியிலேருந்து ஒரு நெசவாளி மில்லு கேட்டுல வந்து நிக்கிறாரு. ‘இந்த நாப்பத்தொண்ணு யாரு? தறியில ஏத்துன ஒரே பாவுல ஒம்பது எடத்துல அறுந்துச்சு’ன்னாரு. திட்டலை தம்பி. சீட்டை என் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. அது இன்னும் என் பைபிளுக்குள்ளதான் இருக்கு. இன்னொரு சீட்டு வேணாம்.”

“இது சும்மா குடுக்குறதுதானக்கா.”

“அறுபது குடுக்கல, இருபதுதான் குடுத்தீக. அது உங்க இஷ்டம். குடுத்த இருபதும் நிக்கணும்ல?”

சிவபிரகாஷ் தலையைச் சொறிந்தான். அவரே ஒரு வழி சொன்னார். “உங்க சொந்தப் போன்ல, சிம்மோட, இலவசத்தை ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் முடிச்சுக் காட்டுங்க. நானே எழுதிடுறேன்.”

“அம்புட்டுதானா?” என்று உற்சாகமாக உட்கார்ந்தான்.

இன்னாசியம்மாள் அடுப்படிக்குப் போனார். யாராவது கூப்பிட வேண்டும் என்று அவர் ஜெபிக்கவில்லை. தொலைந்ததைத் தேடித் தரவே அந்தோணியாருக்கு நேரம் போதாது, இதற்குமா அவரைக் கூப்பிடுவது? பகல் வேளையில் வீடு வாசல் உள்ளவனின் போன் ஒரு மணி நேரம் சும்மா கிடக்காது என்று அவருக்குத் தெரியும்.

பத்து, பதினைந்து, பதினெட்டு. போன் அடிக்கவேயில்லை. “அக்கா, சாக்பீஸை எடுத்து வச்சுக்கங்க” என்று ஆனந்த்ராஜ் கிண்டல் பண்ணினான். “பால் பொங்கட்டும் தம்பி” என்று உள்ளிருந்தே பதில் வந்தது.

பத்தொன்பதாம் லெவலில் கடைசிப் பெட்டியைத் தூக்கும்போது போன் அடித்தது. ‘அம்மா’.

“எடுக்காதடா!” என்று ஆனந்த்ராஜ் கத்தினான். அம்மா கூப்பிட்டு எடுக்காமல் இருக்க முடியுமா?

“சாப்டியாப்பா?”

“இன்னும் இல்லம்மா.”

“ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லம்மா, வைக்கிறேன்.”

திரும்பிப் பார்த்தான். முதல் லெவல். காலி லாரி.

“சே! இம்புட்டு நேரம் போச்சே!” போனை மேஜையில் வீசினான்.

இன்னாசியம்மாள் டீயைப் பக்கத்தில் வைத்தார். “குடிங்க தம்பி. காசு குடுத்து வாங்கணும்னு இப்பத் தோணுதா?”

“அழிச்சுத் தூக்கிப் போடணும்னு தோணுதுக்கா.”

ஆனந்த்ராஜ் தன் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி இலவச விளையாட்டைத் திறந்தான். வெள்ளிக்கிழமை திங்கட்கிழமையானது. கேட்டவர்களுக்கெல்லாம் சிவபிரகாஷே மன்னிப்பு எழுதிப் போட்டான்.

திங்கட்கிழமை இன்னாசியம்மாள் இலவச விளையாட்டைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நினைத்தபோதெல்லாம் கூப்பிடும்படி அறிவுச்செல்வியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். பதினோராவது தடவை கூப்பிட்டபோது அவள் அலுத்துக்கொண்டாள்.

“ஏனுங்க அண்ணி, பேசுறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே?”

“என்ன வெஞ்சனம் வச்ச, அதைச் சொல்லு.”

“அவரைக்காய் பொரியலுங்க. அடுப்புல இருக்குதுங்க.”

“சரி, கருகப் போகுது, போய்ப் பாரு.”

வைத்துவிட்டுப் பார்த்தார். லாரி பதினாலாம் லெவலிலேயே நின்றது. பெட்டிகளை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து, சேலை முந்தானையால் பலகையைத் துடைத்து, ‘சரி’ என்று பெரிதாக எழுதினார். கீழே 41.