கொண்டையைப் பார்த்தே சொல்லிவிடுபவர்

"கொண்டையைப் பாத்தாப் போதுமுங்க! எது முட்டை போடுது, எது சும்மா உக்காந்து தின்னுதுன்னு நின்ன எடத்துலயே சொல்லிப்போடுவேன். கோழியாகட்டும், மனுசனாகட்டும். இந்த மருதாசலத்தோட கண்ணு தப்பாதுங்க."

நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தின் நடுவே இப்படி முழங்கினார் பரமத்தி ரோட்டுக் கோழிப்பண்ணை முதலாளி மருதாசலம். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் தம் கொண்டையையும் பார்த்துவிடுவாரோ என்ற அச்சமாக இருக்கலாம். அந்த அமைதியில் உற்சாகம் கூடி, "எம்பட ஊட்டையே எடுத்துக்குங்க. போடறது நான் ஒருத்தன். மத்ததெல்லாம் என்னை நம்பித் தின்னுட்டு இருக்கறது" என்று முடித்தார்.

அவருடைய மனைவி மஞ்சுளா மண்டபத்து மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த மகள் ஷாலினி கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். என்ன தட்டுகிறாள் என்று மருதாசலம் எட்டிப் பார்த்திருந்தால் இந்த வரலாற்றை எழுதவேண்டிய தேவையே இருந்திருக்காது.

எட்டிப் பார்க்காதது ஆச்சரியம்தான். ஏனென்றால் அவர் எட்டிப் பார்க்காத இடமே ஊரில் கிடையாது. கோழிகளைக் கண்காணிக்கக் கேமரா வைத்தார். கேமராவை யாராவது திருப்பிவிடுவார்களோ என்று அதைக் கண்காணிக்க இன்னொரு கேமரா வைத்தார். தினமும் காலையில் அறிவிக்கும் முட்டை விலையைக் கேட்டதும், "இதுக்குப் பின்னாடி யாரோ இருக்கறானுங்க" என்பார். மழை பெய்தால்கூட மேட்டூர்ப் பக்கம் நிறையப் பெய்துவிட்டு இங்கே கணக்குக்குத் தூறுவதாக ஒரு எண்ணம்.

பண்ணை வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் ஊதா நிறத்தில் கிருமிநாசினித் தண்ணீர். உள்ளே போகிறவர் யாரானாலும் கால் நனைத்துத்தான் போகவேண்டும். வெளிக் கிருமி கோழிக்கு வராமலிருக்க எல்லாப் பண்ணையிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் கிருமியை மட்டும் சந்தேகப்பட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்த ஒரு கோஷ்டியையே வேட்டியைத் தூக்கிக் கால் நனைக்க வைத்தவர் மருதாசலம். அவர்கள் ஊதாப் பாதங்களோடு ஊர் சுற்றியதைப் பார்த்து, "இனி எங்க போனாலும் அடையாளம் தெரியுமுங்க" என்று திருப்திப்பட்டார்.

ஷாலினிக்குப் பிறவியிலேயே இரண்டு கால்களும் வராது. எண்பது சதவீதக் குறைபாடு என்று மருத்துவர் சான்றிதழ் எழுதியபோது, "மீதி இருபது எங்கீங்க டாக்டர்?" என்று கேட்டவர் அவர். அரசின் மாதாந்திர உதவித்தொகை மகள் கணக்கில் ஏறத் தொடங்கியதும் நேரே அலுவலகத்துக்குப் போனார். "எதுக்குங்க குடுக்கறீங்க? பின்னால என்ன கேப்பீங்க?" என்று விசாரித்தார். ஒன்றும் கேட்கமாட்டோம் என்று அவர்கள் சொன்னதுதான் அவருடைய சந்தேகத்தை உறுதி செய்தது.

அந்தக் 'கேட்பது' வருமான வரி உருவில் வந்துவிட்டதாக அவர் நம்பினார். கோழி மக்காச்சோளம் தின்கிறது, காட்டுக்குள் இருக்கிறது, எருப் போடுகிறது. ஆனாலும் கோழிப்பண்ணை விவசாயம் இல்லையாம், வரி உண்டாம். இந்த அநியாயத்தில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் ஒரு கழிவு. கடுமையான குறைபாடுள்ள பிள்ளை பெரும்பாலும் தன்னை நம்பி வாழ்கிறது என்று எழுதிக்கொடுத்தால் பெற்றவருக்கு வரியில் ஒரு தொகை குறையும். வருடா வருடம் நாமக்கல் ஆடிட்டர் வித்யாவின் அலுவலகத்தில் அந்த இடம் வரும்போது மட்டும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

"பொண்ணு உங்களை நம்பித்தான் இருக்குதுங்களா?"

"பின்னே? கல்யாண மண்டபத்துலயே சொல்லியிருக்கறேனுங்க."

இந்த வருடம் வித்யா பேனாவை மூடி வைத்தார்.

"அரசாங்க உதவித்தொகை வாங்கறது பரவால்லீங்க. வேற சம்பாத்தியம் ஏதாச்சும் இருக்குதுங்களா? எதுக்கும் ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

"கேக்கறதுக்கு என்னுங்க இருக்குது?"

"கேட்டுட்டு வாங்க" என்றார் வித்யா மறுபடியும்.

மருதாசலத்துக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஆடிட்டர் எதையோ தெரிந்துவைத்துக்கொண்டு மறைக்கிறார். என்ன அது? வீட்டில் கேட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துபோகிற விஷயம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது ஏமாளிகளின் வழி. அவர் துப்புத் துலக்க முடிவு செய்தார்.

துப்புகள் கொட்டிக்கிடந்தன. மஞ்சுளா சில மாதங்களாக வீட்டுச் செலவுக்குப் பணம் கேட்கும்போது குரலில் கெஞ்சல் இல்லை. ஷாலினியின் அறையில் புதுக் கணினி. கேட்டதற்கு, "வாங்கினோமுங்க" என்று மட்டும் பதில். கடைசியாக, பக்கத்துப் பண்ணை சபரிநாதன். இருபத்தைந்து வயதுப் பையன். மருதாசலம் தீவனக் கடைக்குப் போகிற மத்தியான வேளையாகப் பார்த்து அவன் வண்டி வீட்டுப் பக்கம் வருவதாகக் கேமரா சொன்னது. இன்னொரு கேமராவும் அதை உறுதி செய்தது.

"பையன் கொண்டையே செரியில்லை" என்று அவர் பல்லைக் கடித்தார்.

யாரையும் நம்பாத இந்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருவரை மட்டும் முழுதாக நம்பினார் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். அவர் பெயர் 'டாக்டர்'. சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு என்று பண்ணைத் தீவனத்துக்கு அளவு எழுதிக்கொடுப்பவர். ஒன்றரை வருடத்துக்கு முன் பண்ணை மேலாளர் முருகானந்தம் அந்த அளவைக் கைபேசியில் காட்டியபோது, "எந்த டாக்டர் குடுத்தது?" என்று மருதாசலம் கேட்டார். முருகானந்தம் தலையைச் சொறிந்தார். பேரை வெளியே சொல்ல விரும்பாத பெரிய டாக்டர் என்று முதலாளி தாமே முடிவு செய்துகொண்டார். தீவனச் செலவு குறைந்தது, முட்டை கூடியது. மாதா மாதம் முருகானந்தம் வழியாக டாக்டருக்குக் கட்டணம் போயிற்று. "அந்த மனுசன் முன்னால வந்து நிக்கறதில்லை பாருங்க, அதனாலதான் நல்லவரு" என்பார் மருதாசலம். முன்னால் வந்து நிற்கிறவர்களை அவர் நம்பியதில்லை.

ஆகவே ஒரு மத்தியானம் தீவனக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கோழி எரு மேட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். கதவு சத்தம் கேட்காமல் இறங்கி, வேலியைச் சுற்றி வந்து, மகள் அறையின் சன்னல் ஓரத்தில் முருங்கை மரத்தை ஒட்டி நின்றார். சபரிநாதனின் குரல் கேட்டது. கொஞ்சலாக இல்லை. அழாத குறையாக இருந்தது.

"சோளம் பூரா ஈரமா வந்திருக்குதுங்கக்கா. அப்படியே அரைச்சுப் போட்டா எங்கப்பன் என்னையும் சேத்து அரைச்சுப்போடுவாரு."

"காய வைக்காம ஒரு மூட்டை தொடாதீங்க. பூசணம் புடிச்சா ஷெட்டே போயிரும். காஞ்ச பின்னால சாம்பிள் கொண்டாங்க, அளவை மாத்தித் தாரேன். போன மாசக் காசு?"

"சாயங்காலம் போட்டு உடறேனுங்கக்கா."

"எங்கப்பா மாதிரியே சொல்றீங்க" என்று சிரித்தாள் ஷாலினி. அப்புறம் கைபேசியை எடுத்துப் பேசினாள்.

"முருகானந்தண்ணா, நம்ம ரெண்டாம் ஷெட்டுக்குக் கிளிஞ்சலை மூட்டைக்கு ஒரு புடி கூட்டிப் போடுங்க. அப்பா கேட்டா டாக்டர் சொன்னாருன்னே சொல்லிக்குங்க. நான் சொன்னேன்னு தெரிஞ்சா ஒரு வாரம் யோசிப்பாரு. அதுக்குள்ள முட்டை ஓடு பேப்பரா போயிரும்."

முருங்கை மரத்தடியில் நின்றவருக்குக் காலில் கட்டெறும்பு ஏறியது. தட்டிவிடத் தோன்றவில்லை. அவர் நம்பிய ஒரே ஆசாமியும் அவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, அவருடைய சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டு, அவரிடமே கட்டணம் வாங்கியிருக்கிறார்!

சபரிநாதன் வெளியே வந்தான். முதலாளியைக் கண்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினான். மருதாசலம் உள்ளே போனார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எதுங்கப்பா?"

"இந்த டாக்டர் வேலை!"

ஷாலினி கணினியிலிருந்து திரும்பினாள். "ஒண்ணரை வருசமா. சுத்துப்பட்டுல பாதிப் பண்ணைக்கு நான்தான் அளவு போட்டுக் குடுக்கறேன். கணக்குப் படிச்சேன், அப்புறம் தீவனத்துக்குன்னு தனியா ஆன்லைன்ல படிச்சேன். நீங்கதான் காலேஜ் கேட்ல நின்னு போறவன் வாரவன் மூஞ்சியெல்லாம் பாத்துட்டு இருந்தீங்களே, நான் என்ன படிக்கறேன்னு கேட்டீங்களா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீங்க ஒரு வார்த்தை கேக்கவே இல்லீங்களேப்பா."

அடுப்படியிலிருந்து மஞ்சுளாவின் குரல் வந்தது. "முட்டையைக்கூட ரெண்டு தடவை தட்டிப் பாத்து எடுக்கற மனுசனுக்கு, பெத்த புள்ளைய ஒரு தடவை கேக்க நேரமில்லீங்களாமா!"

மருதாசலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்கு ஆடிட்டர் ஞாபகம் வந்தது.

"அந்த வித்யாம்மாவுக்குத் தெரியுமா?"

"எனக்கும் அவுங்கதான் கணக்கு எழுதறாங்க. ஒருத்தர் விசயத்தை இன்னொருத்தருகிட்ட சொல்லமாட்டாங்க. அதான் உங்களைக் கேக்கச் சொல்லியிருக்கறாங்க." அவள் நாற்காலியை அவர் பக்கம் உருட்டி வந்தாள். "டவுன்ல ஒரு கடை பாத்திருக்கறேனுங்கப்பா. படி இல்லாத கடை. சோளம், சோயாவெல்லாம் சோதிச்சுப் பாக்கற மிசினு வாங்கணும், பேங்குல லோன் கேட்டிருக்கறேன். சொந்தத் தொழில் பண்றவள்னு நான் எழுதிக் குடுக்கறேன். உங்களை நம்பி இருக்கறவள்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, பேங்குக்காரன் யாரைங்கப்பா நம்புவான்? எனக்குன்னு இருக்கற வரிக் கழிவையும் நான் எழுதிக்க முடியாது. ஒருத்திக்கு ரெண்டு பேரு எழுதக்கூடாதாமா."

"வரி கூடுமே."

"கூடும்."

"பேங்குக்காரன் ஏமாத்திப்போடுவான்."

"அவனைக் கேட்டுக்கறேன். உங்களாட்டம் மரத்துக்குப் பின்னால நின்னு பாக்கமாட்டேன்."

மருதாசலம் எழுந்து பண்ணைக்குப் போனார். இரண்டாம் ஷெட்டில் கூண்டுகளின் நடுவே வெகுநேரம் நின்றார். கொண்டைகள் எல்லாம் சிவந்துதான் இருந்தன. எந்தக் கோழி யார் போட்ட அளவைத் தின்று சிவந்தது என்று எந்தக் கொண்டையிலும் எழுதியிருக்கவில்லை. முருகானந்தம் எதிரே வந்து, அடிக்கப்போகிறாரோ என்று ஒரு தூணை நடுவில் விட்டு நின்றார்.

"கிளிஞ்சல் போட்டாச்சா?"

"டாக்டர்... டாக்டரு சொன்னாருங்க."

"செரி, போடு" என்றார் முதலாளி.

கணக்குக் கொடுக்கும் தேதி நெருங்கியது. ஆடிட்டர் வித்யா அதே கேள்வியை அதே குரலில் கேட்டார்.

"பொண்ணு உங்களை நம்பித்தான் இருக்குதுங்களா?"

மருதாசலம் இந்த முறை நிமிர்ந்து உட்காரவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைச் சந்தேகமாகப் பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இல்லீங்க."

"அப்படீன்னா அந்தக் கழிவு வராதுங்க. போன வருசத்துதையும் திருத்திக் குடுத்துரலாமுங்களா?"

"குடுத்துருங்க." பேனாவை வாங்கிக்கொண்டு, "இப்படி உண்மையச் சொல்றதுனால எனக்கு ஏதாச்சும் கேசு வருமுங்களா?" என்று கேட்டார். வராது என்றார் வித்யா. அவர் நம்பவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

தைக்குப் பிறகு ஷாலினியின் கடை திறந்தது. வாசலில் படி கிடையாது, சரிவுதான். பல பண்ணை ஆட்கள் வந்துபோகிற இடம் என்பதால் சரிவின் முடிவில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஊதாத் தண்ணீர். முதல் நாள் மருதாசலம் வரவில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் அவரைக் கேட்டார்கள். "அவுரு தூரத்துல நின்னு பாத்துட்டு இருப்பாரு" என்றார் மஞ்சுளா.

பங்குனி வெயிலில் ஒருநாள் வந்தார். கடையில் நாலைந்து பண்ணைக்காரர்கள் சாம்பிள் பைகளோடு வரிசையில் இருந்தார்கள். சபரிநாதன் எழுந்து, "நீங்க முன்னால போங்க மாமா" என்றான். அவனைப் பழைய பார்வை பார்த்துவிட்டு, மருதாசலம் செருப்பைக் கழற்றினார். வேட்டியைத் தூக்கி, ஊதாத் தண்ணீரில் இரண்டு காலையும் நனைத்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

முறை வந்தபோது மடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓடு மெலிந்து, விரல் பட்ட இடம் நெளிந்திருந்தது.

"கோழி நல்லாத்தான் இருக்குதுங்களாப்பா?" என்றாள் ஷாலினி. "கொண்டை எப்படி இருக்குது?"

மருதாசலம் பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"பாத்தா ஒண்ணும் தெரியலை சாமி. நீயே பாத்துச் சொல்லு."