பினாயிலக்கா கழுவிய ட்ரம்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குப் பினாயிலக்கா என்று பெயர். வைத்தது நான்தான். மேசையைத் துடைப்பார், துடைத்த துணியைக் கொதிக்க வைப்பார், பிறகு கொதிக்க வைத்த பாத்திரத்தைத் துடைப்பார். பயிருக்கு நன்மை செய்யும் பாக்டீரியாவை வளர்த்து, டால்கம் பவுடர் மாதிரி ஒரு மாவில் கலந்து, பொட்டலம் போட்டு விவசாயிகளுக்கு அனுப்புவது எங்கள் வேலை. அது வேரைச் சுற்றிக் குடியேறிவிட்டால் வாடல் நோய்ப் பூஞ்சை லேசில் கிட்டே வராது. ஆனால் வளர்க்கும் குடுவைக்குள் வேறொரு கிருமி நுழைந்தால் மொத்தமும் பாழ். அதனால் பத்தொன்பது வருஷமாக அக்கா கழுவிக்கொண்டே இருந்தார். விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருக்கும்.

அவருடைய தம்பி குத்தகை நிலத்தில் தக்காளி போடுகிறவன். தொடர்ந்து இரண்டு முறை வாடல் நோய் வந்து எல்லாம் போயிற்று. மூன்றாவது முறையும் போனால் நிலத்தை விட்டுவிட்டு எங்காவது காவல் வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். ஊருக்கெல்லாம் பொட்டலம் அனுப்புகிற அக்காவின் பேச்சை அவன் மட்டும் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இந்த முறை வேறு வழியில்லாமல் தலையாட்டினான். பூஞ்சை மருந்து எதையும் தொடக்கூடாது, சில மருந்து பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும் என்று அக்கா கண்டிஷன் போட்டார். அதற்கும் சரி என்றான்.

நடுவதற்கு முன் நாற்றின் வேரை பாக்டீரியா கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். தானே கரைத்துத் தருவதாக அக்கா சொல்லியிருந்தார். எங்கள் மேனேஜர் லீவு தராததால் ஒன்பது நாள் தொடர்ந்து வேலை. பத்தாம் நாள் காலை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை இரண்டு கேனில் தூக்கிக்கொண்டு, கண்ணெல்லாம் சொருகியபடி தம்பி ஊருக்குப் பஸ் ஏறினார்.

ஐந்து வாரத்தில் பாதிச் செடி தலை தொங்கிவிட்டது.

"நீ சொன்னபடிதான்க்கா எல்லாம் பண்ணேன்" என்று மட்டும் தம்பி போனில் சொன்னான். அவன் கத்தித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றார் அக்கா.

வேர்களைப் பிடுங்கி அனுப்பச் சொன்னார். அதில் ஒட்டிய மண்ணைக் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, இரண்டு நாள் கழித்து நீல விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தோம். எங்கள் பாக்டீரியா அந்த வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும். தம்பியின் தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. மாவு கெட்டுப்போயிருக்கும் என்றேன். அதே நாளில் கட்டிய இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து அதையும் வளர்த்துப் பார்த்தோம். தட்டு முழுக்கப் பச்சை.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அவன் ட்ரம்முல பாசி புடிச்சிருந்துச்சு. ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சேன்."

"அப்புறம் அலசுனீங்கள்ல?"

"கொண்டுபோன தண்ணி கரைக்க மட்டும்தான் இருந்துச்சு. வாய்க்கால் தண்ணியில அலசுனா மறுபடி அழுக்காயிடுமேன்னு, அப்படியே மாவைக் கொட்டிட்டேன்."

அவ்வளவுதான். ட்ரம்மில் ஒட்டியிருந்த ப்ளீச்சிங் பவுடருக்கு எந்தக் கிருமியும் தப்பாது, நல்லதும்தான். பத்தொன்பது வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்ததை, கழுவிக் கழுவிப் பழகிய அதே கை கொன்றிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் கேலி செய்தே ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது, ஒன்பது நாள் அவரை ஓயவிடாத அந்த மேனேஜர் மேல்.

"மாவு சரியில்லன்னு சொல்லிடுங்கக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"அப்படிச் சொன்னா அவன் இனிமே மாவைத் தொடமாட்டான். இன்னும் பாதிச் செடி நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். வரப்பில் நின்றபடி அக்கா ஒன்றுவிடாமல் சொன்னார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, அதற்குத் தெம்பில்லை. தம்பி வாடிய வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்லயும் நீ இப்படித்தான்" என்றான் கடைசியில். "சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள தட்டைப் புடுங்கிக் கழுவுவே."

"வாடுனது இனி பொழைக்காதுடா. நிக்கிறதுக்கு மாவைக் கரைச்சு ஊத்திப் பார்க்கலாம். நிச்சயம்னு சொல்லமாட்டேன்."

"இதுவும் போனா நான் கெளம்பிடுவேன்க்கா."

"தெரியும்."

அவன் ட்ரம்மை உருட்டிக்கொண்டு வந்து வாய்க்கால் தண்ணீரை நிரப்பினான். இந்த ஐந்து வாரத்தில் உள்ளே மறுபடியும் பாசி படர்ந்திருந்தது. அக்கா குனிந்து அதைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரிக்கப் போன கை பாதியில் நின்றது. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் துணியை உருவி என்னிடம் நீட்டினார்.

"இதை நீ வெச்சுக்க. நானே கேட்டாலும் குடுக்காதே."