எனக்கு வராத அம்மை

“…ஒண்ணுமே இல்லம்மா அந்தப் பொண்ணுக்கு. அம்மையும் இல்ல, ஆத்தாவும் இல்ல. பொய்யி. நான்தான் கட்டி உட்டேன்” என்றாள் அத்தை, ஆஸ்பத்திரி வராந்தாவில் வழிமறித்து நின்ற நர்சம்மாவிடம்.

அந்தப் பொண்ணு நான்தான். மேலெல்லாம் மஞ்சளும் கையில் வேப்பிலைக் கொத்துமாகப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டு வயது இருக்கும். எனக்கு ஒன்றுமில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்குள் ஒரு திட்டில் இருந்தது. காய்ச்சல் என்றால் படகேறி அக்கரை போக வேண்டும். டாக்டர் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ் வந்தால் டாக்டர், வராவிட்டால் நர்சம்மா. அதனால் எங்கள் ஊரில் பாதி வியாதி அக்கரை போகாமலே தீர்ந்துவிடும், ஏதோ ஒரு வகையில்.

அந்த வருஷம், அம்மை குத்துகிறவர்கள் குப்பம் குப்பமாக வருகிறார்கள் என்று சேதி வந்தது. அப்பாவின் அக்காவான என் அத்தைக்கு அது ஆகவில்லை. “ஆத்தாவ ஊசியால குத்தித் தொரத்துவானுங்களாமா? குத்துன கை வீங்கிக்கினா வலய யாரு இழுப்பா, அவன் வந்து இழுப்பானா?” என்று தெருவுக்கே கேட்கும்படி பேசினாள். அப்பா ஆந்திரா பக்கம் தொழிலுக்குப் போயிருந்தார். அவர் இல்லாத வீட்டில் அத்தை சொன்னதுதான் சட்டம். வேப்பிலை சொருகிய வீட்டுக்குள் அன்னியர் காலெடுத்து வைக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. சொருகினாள். யாருக்கு அம்மை என்று ஊர் கேட்குமே? என்னைப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் அம்மை வந்தது என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆத்தா வெளையாடறா’ என்பார்கள். குணமாகிவிட்டால் ‘எறங்கிட்டா’. நான் என் கையையும் காலையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்கே விளையாடுகிறாள் என்று பிடிபடவில்லை. பசி மட்டும் நன்றாக எடுத்தது. மீன் குழம்பு கேட்டேன். “ஆத்தா கவுச்சி கேக்கமாட்டா, வாய மூடு” என்று அத்தை அதட்டினாள். கேட்டது நான்தானே என்று குழம்பினேன். நேற்று வரை என்னைக் கழுதை என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வெளியே இளநீரை வைத்துவிட்டு, “கோச்சிக்காத தாயி” என்று போனாள். அவள்மேல் எனக்கு என்ன கோபம் என்று யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

அம்மை குத்துகிறவர் வரவே இல்லை. எதிர்க்காற்றோ, படகு கிடைக்கவில்லையோ. ஆனால் கட்டிய வேப்பிலையை நினைத்த மாதிரி அவிழ்த்துவிட முடியுமா? தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் அவிழ்த்தால் ஊர் சும்மா இருக்காது. வராத ஆளுக்குக் கட்டிய வேப்பிலைக்குள் நாங்கள்தான் அடைபட்டுக் கிடந்தோம்.

அப்போதுதான் கைக்குழந்தையான தம்பிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. குடித்த பாலையெல்லாம் கக்கினான். மறுநாள் விடிந்தபோது அவன் அழுகை நின்றிருந்தது. அப்பாடா என்று நான் நினைத்தேன். அம்மாவோ நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அத்தை படகுக்கார மாமாவைக் கூப்பிட்டாள். அவர் தெருவோடு நின்றுவிட்டார். “ஆத்தா ஊட்ல இருக்கசொல்ல ஏரியத் தாண்டுவாங்களாக்கா? படகு கவுந்துரும்” என்றார்.

அத்தை தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “என்னை இன்னாத்துக்குக் கேக்கற? உள்ள கீறாளே, அவளையே கேளு” என்றாள்.

அவ்வளவு பெரிய மனுஷர் என்னை நோக்கிக் கைகூப்பினார். “ஆத்தா, இன்னா சொல்ற?”

படுத்துப் படுத்து எனக்கு முதுகு வலி. “படகு எடு. நானும் வரேன்” என்றேன். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு துறைக்கு ஓடினார். நான் சொல்லி ஊரில் ஒருவர் ஓடியது அதுதான் முதல் தடவை.

ஆனால் அக்கரையில் நர்சம்மா என் கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்ததும் தடுத்துவிட்டார். “அம்மை கண்ட வீட்டுக்காரங்க உள்ள வராதீங்க. பிள்ளை பெத்தவங்க படுத்திருக்காங்க. மரத்தடியில இருங்க, ஆள அனுப்பறேன்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். தம்பியோ அம்மா தோளில் துணி மாதிரி துவண்டு கிடந்தான். பின்னால், படகு தள்ளும் கழியோடு மாமா நின்றிருந்தார். அவர் காதில் உண்மை விழுந்தால் ஊரே அத்தையை ஒதுக்கி வைக்கும். ஆத்தா பெயரால் பொய் சொன்னவளை ஆத்தா சும்மா விடுவாளா என்பது அதைவிடப் பெரிய பயம். அத்தை தம்பியின் காய்ந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னதுதான், ஒண்ணுமே இல்லம்மா என்ற அந்தப் பேச்சு.

நர்சம்மா என் முதுகையும் வயிற்றையும் திருப்பிப் பார்த்தார். திட்டக்கூட நேரமில்லாமல் தம்பியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அம்மா பின்னாலேயே ஓடினாள். பாட்டில் தண்ணீர் ஏற்றியதில், பொழுது சாய்வதற்குள் தம்பி வீறிட்டு அழுதான். எந்த ஊசிக்குப் பயந்து ஒளிந்தோமோ அதையும் அன்றே எங்கள் எல்லார் கையிலும் குத்தி அனுப்பினார்கள். அதெல்லாம் பிறகு நடந்தது.

அம்மா உள்ளே ஓடியதும் வராந்தாவில் மூன்று பேர்தான் மிஞ்சினோம். எனக்கு மகிழ்ச்சி. இனி மஞ்சளைக் கழுவலாம், மீன் தின்னலாம் என்று எழுந்தேன். மாமா கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் முகத்தில் கோபமே இல்லை. என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு அத்தையிடம் மெதுவாகக் கேட்டார்:

“அப்ப, படகு எடுன்னு சொன்னது யாரு, அக்கா?”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று மாமா காதுபடச் சொன்னவள் அவள். அம்மை பொய் என்று முதல் நாளிலிருந்தே அறிந்தவளும் அவள்தான். ‘நான்தான் சொன்னேன், முதுகு வலித்தது, அதனால் சொன்னேன்’ என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என்னிடம் வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தச் சிமெண்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தாள்.